ஆறு மணி பன்

ஜூலை 3, புதன்

பாண்டிச்செல்வி தன் மகளைக் கொன்றுகொண்டிருக்கிறாள். நாளுக்கு நான்கு பன் வீதம்.

மகள் மதிவதனிக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பு. உயரம் 142 சென்டிமீட்டர், எடை 54 கிலோ 200 கிராம். பின்கழுத்து கறுத்துத் தடித்திருக்கிறது. அழுக்கு என்று நினைத்து அவள் அம்மா பீர்க்கங்காய் நார் வைத்துத் தேய்த்திருக்கிறாள். கீறல்கள் தெரிகின்றன. அது அழுக்கு இல்லை, சர்க்கரை நோய் வாசலில் வந்து நிற்பதற்கான அடையாளம் என்று நான் சொல்லும்வரை இந்தப் பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது.

ஓர் அறக்கட்டளையின் எடைத் திட்டத்துக்கு ஊட்டச்சத்து ஆலோசகராக இங்கே வந்திருக்கிறேன். திட்டத்தில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். எல்லோரும் இதே திருப்பூரில், அம்மாவும் அப்பாவும் பனியன் கம்பெனிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள். ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, தின்றதையெல்லாம் எழுதச் சொன்னேன். முப்பத்தேழு பேர் பொய் எழுதினார்கள். ஒருவன் மூன்று வேளையும் 'ராகி' என்று எழுதியிருந்தான். ராகி எப்படி இருக்கும் என்று கேட்டேன். "பச்சையா இருக்கும் மிஸ்" என்றான்.

வதனி மட்டும் உள்ளதை எழுதியிருந்தாள். காலை இட்லி 3. மதியம் பள்ளிச் சாப்பாடு. சாயங்காலம் முறுக்கு. ராத்திரி பன் 4, டீ. திங்கள் முதல் சனி வரை ராத்திரி பன் 4. ஆயிரம் கலோரிக்கு மேல். சிவப்புப் பேனாவால் ஆறு பன் வரிசையையும் சுழித்தேன்.

அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல். "சூப்பர்வைசர் பாக்குறான் டீச்சர், ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். மகளைப் பற்றிப் பேச இரண்டு நிமிடம் இல்லை.

தொளதொளவென்றிருந்த என் மூன்று சுடிதாரைப் பிடித்துத் தரச் சொல்லி டெய்லரிடம் கொடுத்தேன். "போன மாசந்தானுங்க புடிச்சுக் குடுத்தேன்" என்றார். அளவெடுக்கத் தெரியாத ஆள்.

ஜூலை 5, வெள்ளி

வாராவாரம் வகுப்பு முன்னால் எடை பார்ப்பதில் இது முதல்.

வளரும் பிள்ளைக்கு எடை குறைக்கக் கூடாது. எடை நிற்க வேண்டும், உயரம் ஏற வேண்டும், காலப்போக்கில் கணக்கு தானாகச் சரியாகிவிடும். கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது இது. திட்ட ஒருங்கிணைப்பாளர் தங்கவேலு சாரிடமும் அதையே சொன்னேன்.

அவர் சிரித்தார். "ஏனுங் அம்மிணி, பணம் குடுக்கறது பனியன் கம்பெனி. அவங்களுக்குக் கோடு கீழ எறங்குனாத்தான் வேல நடந்திருக்குன்னு புரியும். கோடு நேரா போச்சுன்னா நீங்க வேலையே செய்யலைன்னு சொல்லிப் போடுவாங்க."

"பிள்ளைகள் பனியன் இல்லை சார்."

"அதை நானும் ஒத்துக்கறேனுங். ஆனா கிராப் வேணுமுங்."

எடை குறைந்தவர்களுக்குப் பச்சை நட்சத்திரம் ஒட்ட வேண்டுமாம். ஸ்டிக்கர் கட்டையும் அவரே கொண்டுவந்திருந்தார். நான் வாங்கிக்கொண்டேன். முதல் மாதச் சம்பளமே இன்னும் வரவில்லை, என்ன சண்டை போடுவது.

வதனி மிஷின் மேல் ஏறியபோது ஜெகதீஷ் என்கிற பையன், "டேய், லோடு லாரி ஏறுதுடா, எடை மேடை தாங்குமா பாரு!" என்றான். வகுப்பே சிரித்தது. வதனியும் சேர்ந்து சிரித்தாள், எல்லோரையும் விடச் சத்தமாக. அப்படிச் சிரித்துவிட்டால் அடுத்த வார்த்தை வராது என்று அவளுக்குத் தெரியும்.

அவனை வெளியே நிற்க வைத்தேன். எவ்வளவு நேரம் நிற்க வைத்தேன் என்பது எழுத வேண்டிய விஷயம் இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

வதனி வீட்டுக்குப் போனேன். லைன் வீடு. எட்டு வீட்டுக்கு ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். திட்டித் தீர்க்க வேண்டிய வார்த்தைகளையெல்லாம் பேருந்திலேயே அடுக்கி வைத்திருந்தேன்.

பாண்டிச்செல்வியைப் பார்த்ததும் முதல் வார்த்தை வரவில்லை. குச்சி மாதிரி இருக்கிறாள். தோள்பட்டை எலும்பு ரவிக்கையைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. கண்ணின் கீழிமையில் ரத்தமே இல்லை. இவள் வீட்டிலா நான்கு பன்?

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. புருஷன் சாய ஆலையில் ராத்திரி ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம், நான்கு மணிக்கே கிளம்பிவிடுவார். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் மெதுவாகப் பேசினோம்.

"பன்னு கடையில வாங்குறதில்ல டீச்சர். ஓவர்டைம் பாக்குறவங்களுக்கு ஆறு மணிக்கு ஒரு டீயும் ஒரு பன்னும் கம்பெனியில குடுப்பாக. நான் டீயை மட்டும் குடிச்சுட்டு பன்னை முந்தானையில முடிஞ்சுக்குவேன். பக்கத்து மிஷின் புள்ளைக மூணு பேரும் ஆஸ்டல்ல இருக்காளுக. 'அக்கா, பாப்பாவுக்கு'ன்னு அவளுகளும் குடுத்துருவாளுக."

"அப்போது நீங்கள் காலையிலிருந்து ராத்திரி வரை..."

"எனக்கென்ன டீச்சர், எனக்குப் பசியே எடுக்காது. வயசாயிருச்சுல்ல."

அவளுக்கு முப்பத்து மூன்று.

படப்புத்தகத்தைப் பிரித்தேன். திட்டத்துக்காகவே அச்சடித்தது, வழவழப்பான தாள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு தானியம், கால் பங்கு பருப்பு அல்லது முட்டை. வதனி எட்டிப் பார்த்து ப்ரோக்கோலியைத் தொட்டாள். "இது என்ன மிஸ், குட்டி மரமா?" பாண்டிச்செல்வி படத்தை வெகுநேரம் பார்த்தாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள்: "இதை எத்தன மணிக்குச் செய்யணும் டீச்சர்?"

அஞ்சு மணிக்குத் தண்ணி பிடிக்கிறாள். ஏழரைக்குள் இட்லி, சோறு. எட்டு மணிக்குக் கம்பெனி வேன். ராத்திரி ஒன்பதுக்கு வீடு. வதனி நாலரைக்குப் பள்ளியிலிருந்து வந்து, உள்ளேயிருந்து கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு அம்மா வரும்வரை உட்கார்ந்திருக்கிறாள். மாலையில் ஒரு மணி நேரம் ஓடியாடி விளையாட வேண்டும் என்பது என் ஐந்தாவது பக்கம். அதைத் திருப்பாமல் தாண்டினேன்.

"எதிர் லைன்ல பத்து பன்னண்டு ஆம்பளப் பசங்க தங்கியிருக்கானுக. எந்த ஊரோ, எவனோ. புள்ளைய எப்படி வெளிய விடுறது?"

சுவரில் ஆணியில் அவள் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. என் படப்புத்தகத்தின் கீழ் ஓரத்தில் பச்சை எழுத்தில் இருக்கும் அதே பெயர். பன் கொடுப்பதும் அவர்கள்தான். பன் தின்னாதே என்று சொல்ல எனக்குச் சம்பளம் கொடுப்பதும் அவர்கள்தான்.

என்றாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பன்னை நிறுத்துங்கள்.

"சரிங்க டீச்சர்" என்றாள். நகையைக் கழற்றிக் கொடுக்கச் சொன்ன மாதிரி இருந்தது அவள் முகம்.

ஜூலை 10, புதன்

தங்கவேலு சாரிடம் கேட்டேன். ஆறு மணிக்குப் பன்னுக்குப் பதிலாகச் சுண்டல் கொடுக்கச் சொல்லுங்கள், கம்பெனிக்கு ஒரு கடிதம் போதும்.

"சுண்டலை ஊற வெக்க ஒருத்தன், வேக வெக்க ஒருத்தன், தொன்னை பொறுக்க ஒருத்தன் வேணுமுங். பன்னு வண்டியில வந்து எறங்குது, அஞ்சு நிமிசத்துல தின்னு போட்டு மிஷின்ல உக்காந்துக்கறாங்க. நம்ம வேல ஸ்கூலோட முடிஞ்சுது அம்மிணி. கம்பெனி வாசல்ல நாம எதுக்குங் மூக்க நீட்டறது?"

மழை. கூரை ஒழுகி நோட்டுகள் நனைந்துவிட்டன. கொடியில் துணி மாதிரி காயப்போட்டோம்.

வதனி வீட்டுக்குப் போகாமல் நின்றாள். பூட்டிய வீட்டுக்குப் போக அவளுக்கு என்ன அவசரம். "மிஸ், நீங்க சின்ன வயசுலருந்தே இப்பிடி ஒல்லிதானா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எட்டாம் வகுப்பில் நான் அறுபத்தொரு கிலோ. இந்த ஊரில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் கண்கள் விரிந்ததைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

"பசிச்சா என்ன மிஸ் பண்ணுவீங்க?"

சாதாரணமாக ஏதோ சொன்னேன்.

ஜூலை 12, வெள்ளி

வதனி: 53.5. பச்சை நட்சத்திரம். நோட்டில் 'ராத்திரி: பன் 0'. பூஜ்ஜியத்துக்குள் ஒரு சிரிக்கும் முகம் வரைந்திருந்தாள்.

கல்வி வேலை செய்கிறது. ஜனங்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை, சொன்னால் கேட்கிறார்கள்.

ஜூலை 19, வெள்ளி

வதனி: 52.0.

இப்போது அவள் நோட்டுதான் எல்லோருடையதிலும் சுத்தம். முருங்கைக்கீரைப் பொரியல், பாசிப்பயறுச் சுண்டல், மோர். கையெழுத்துகூட அழகாகிவிட்டது. தங்கவேலு சார் நோட்டைப் போன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டார்.

எட்டு மணிக்கு வேனேறும் அம்மா எப்போது முருங்கைக்கீரை ஆய்ந்தாள் என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது.

தலைவலி. இரண்டு மாத்திரை போட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

அறைத்தோழி ரெஜினா சம்பளம் வாங்கிய கையோடு பிரியாணிப் பொட்டலத்துடன் வந்தாள். எனக்கும் ஒன்று. மதியமே அதிகமாகிவிட்டது, வேண்டாம் என்றேன்.

"மதியம் என்னத்த தின்ன?"

"அதான் சொன்னேனே, நிறைய."

"ஆப்பிளோட தோலு மட்டும் குப்பையில கெடக்கு. நிறையன்னா தோலோடயா நிறைய?"

மற்றவர் குப்பைக் கூடையை ஆராய்வது என்ன பழக்கம் என்று கேட்டேன். அவள் இரண்டு பொட்டலத்தையும் தானே பிரித்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி மெதுவாகத் தின்றாள். அறை முழுக்க மணம். துணி துவைக்க மாடிக்குப் போய்விட்டேன். ஏற்கெனவே துவைத்த துணிதான்.

ஜூலை 24, புதன்

சத்துணவு நேரத்தில் மேற்பார்வை. இன்று முட்டை. வதனியைச் சுற்றி ஒரு கூட்டம். அவள் முட்டை ஜெகதீஷுக்கு, சோற்றில் பாதி இன்னொருத்திக்கு, மீதி யாருக்கோ. மூன்று வாரத்துக்கு முன் அவளை லாரி என்றவன் கும்பிட்டு நிற்கிறான்: "வதனி அக்கா வள்ளல், நாளைக்கும் எனக்குத்தான், சத்தியம் பண்ணு!"

அக்காவாம். ஒரே வகுப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவளுக்கு நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள். நல்லதுதானே. அவள் வீட்டில் போய்ச் சாப்பிட்டுக்கொள்வாளாக இருக்கும்.

ஜூலை 26, வெள்ளி

50.3.

வேகம் அதிகம். ஒரு வாரத்தில் ஒன்றே முக்கால் கிலோ. இது கொழுப்பு மட்டும் இல்லை, சதையும் தண்ணீரும் போகிற கணக்கு. எனக்குத் தெரியும்.

பட்டியலில் 51 என்று எழுதினேன். கோடு செங்குத்தாக விழுந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள்.

தங்கவேலு சார் கேள்வி கேட்கவில்லை. ஆகஸ்ட் 15 விழாவில் வதனியை மேடையேற்றப்போகிறார்களாம். கம்பெனி முதலாளியின் மருமகள் வருகிறார். 'முன்பு, பின்பு' என்று இரண்டு படம் போட்டு பேனர். "முன்ன எடுத்த போட்டோல புள்ள சிரிச்சுக்கிட்டிருக்குது, அது ஆகாதுங். சோகமா ஒண்ணு இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

வதனியிடம் சொன்னபோது அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். "அதுக்குள்ள இன்னும் எத்தன கிலோ மிஸ்?"

ஒன்றும் வேண்டாம், போதும் என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். வராந்தாவில் சத்தமாக இருந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

49.0. பட்டியலில் 50. பேனா அப்படிப் போய்விட்டது.

அவள் கை ஜில்லென்று இருந்தது. மழைக்காலம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலைப் பிரார்த்தனையில் வதனி விழுந்துவிட்டாள். முன்வரிசைப் பிள்ளையின் முதுகில் சாய்ந்து, அப்படியே தரையில். நாடித்துடிப்பு விரலுக்குச் சிக்கவில்லை. தலைமையாசிரியையின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். அவளைத் தூக்கியது நான்தான். இன்னும் நாற்பத்தெட்டு கிலோ இருப்பாள், ஆனால் என் கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். டியூட்டி டாக்டர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். வதனியின் கன்னத்தைத் தட்டி, "கடைசியா எப்ப சாப்ட்ட தங்கம்?" என்றார்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"நேத்து? முந்தாநேத்து?"

"வெந்நீ குடிச்சேன்."

"வெந்நீரா? சாப்பாடு?"

"வெந்நீ குடிச்சா பசி அடங்கிரும்."

"யாரு சொன்னா?"

வதனி என்னைப் பார்த்தாள். பிறகு பாட்டிலிலிருந்து சொட்டும் குளுக்கோஸைப் பார்த்தாள். கடைசிவரை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

ஜூலை 10-ஆம் தேதியில் 'சாதாரணமாக ஏதோ' என்று எழுதி வைத்திருக்கிறேன். சொன்னது இதுதான்: "ஒரு டம்ளர் வெந்நீர் குடி. பத்து நிமிஷம் பொறுத்துக்கோ. பசி சும்மா மிரட்டும், பிறகு தானாகப் போய்விடும். நான் அப்படித்தான்."

பாண்டிச்செல்வி பதினொன்றரைக்குத்தான் வந்தாள். பள்ளியிலிருந்து ஒன்பதேகாலுக்கே போன் போயிருக்கிறது. சூப்பர்வைசர் கையெழுத்து, மேனேஜர் கையெழுத்து, பிறகு கேட் பாஸ். தலைமுடி முழுக்கப் பனியன் பஞ்சு. மகளின் காலைத் தொட்டுப் பார்த்தாள், முகத்தை அல்ல.

"பன்னை நிறுத்தியதிலிருந்து ராத்திரி என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன். என் குரல் அதிகாரமாகத்தான் இருந்தது. அந்த இடத்திலும்.

"நிறுத்தலையே டீச்சர்."

"சரி என்றீர்களே?"

"நிறுத்தணும்னுதான் நெனச்சேன். சாயங்காலம் பூராவும் புள்ள பூட்டுக்குள்ள ஒத்தையில உக்காந்திருக்கு. கதவைத் தெறக்கும்போது மொதல்ல என் கையத்தான் பாக்கும். வெறுங்கையோட எப்பிடி டீச்சர் உள்ள போறது? தெனமும் குடுத்தேன். 'வெச்சுட்டுப் படும்மா, நான் தின்னுக்கிறேன்'னு சொல்லுச்சு. நானும் அலுப்புல படுத்துருவேன்."

பின் அவள் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சிலிண்டர் மாற்றியபோது பின்னால் எறும்புச்சாரை. நகர்த்திப் பார்த்தால் ஒரு துணிப்பை. பை நிறைய பன். பச்சைப் பூஞ்சணம் பிடித்து, கல்லாகி, நூல் விட்டு.

"எண்ணிப் பாக்கல டீச்சர். தொண்ணூறு, நூறு இருக்கும். அம்புட்டும் நானும் அந்தப் புள்ளைகளும் திங்காத பன்னு." அழவில்லை. கணக்கு புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். "அப்ப யாருதான் டீச்சர் தின்னது?"

ஆகஸ்ட் 7, புதன்

தங்கவேலு சார்: "காய்ச்சல்னு எழுதிப் போடுங் அம்மிணி. பேனர் அடிக்கக் குடுத்தாச்சு."

எழுதவில்லை. உண்மையையும் எழுதவில்லை. பட்டியலில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஜூலை 3 அன்று எழுதியதன் முதல் வரியை அடிக்கலாம் என்று நோட்டைத் திருப்பினேன். அடித்துவிட்டு பாண்டிச்செல்வி இருந்த இடத்தில் யார் பெயரை எழுதுவது? வண்டியில் பன் இறக்கும் கம்பெனி? ஸ்டிக்கர் வாங்கிய தங்கவேலு? முட்டையை வாங்கித் தின்ற ஜெகதீஷுக்கும் வீட்டில் மதியச் சோறு கிடையாது. எல்லாப் பெயரும் பொருந்துகிறது, எதுவும் உட்கார மாட்டேன் என்கிறது. இன்னொரு பெயரும் இருக்கிறது.

வரியை அடிக்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எடை பார்க்கவில்லை. மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் அறக்கட்டளை அலுவலகத்தில் தங்கவேலு சார் மேஜை மேல் வைத்தேன். காகிதமும் வைத்தேன். நான்கு பக்கம். வதனியின் உண்மையான எடைகள், நான் திருத்தி எழுதிய எடைகள், பன், வேன், கிரில் கதவு. கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை: பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் பெண்களைச் சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு விடுங்கள்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இதை நான் மேல அனுப்புனா, மொதல்ல உங்க வேல போகும், பின்னால என் வேல போகும். அதுகூடப் போச்சாதுங், போனாப் போகுது. அந்தப் பொம்பளைங்ககிட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாண்டிச்செல்விக்குப் போன் செய்தேன். எழுதியதைச் சொன்னேன். அவள் பதறிவிட்டாள்.

"ஐயய்யோ, எம் பேரைப் போட்டீகளா? ஓவர்டைம் வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? ஓவர்டைமை வெச்சுத்தான் டீச்சர் வாடகையே. அஞ்சரைக்கு வந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? நல்லா இருப்பீக, அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போடுங்க."

அவளுக்காகத்தானே எழுதினேன். அவளைக் கேட்காமல் அவளுக்காக எழுதினேன். படப்புத்தகம் அச்சடித்தவனும் இதைத்தான் செய்தான்.

திரும்பிப் போய்க் காகிதத்தை வாங்கிவந்தேன். கிழிக்கவில்லை. அவள் பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாமா என்று யோசிக்கிறேன். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் மற்ற மூன்று பக்கத்துக்கும் அர்த்தம் இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலை பாண்டிச்செல்வி போன். "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க டீச்சர். நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரியிலருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கஞ்சி வெச்சேன், துப்புது. தோசை சுட்டேன், வாயைத் தெறக்க மாட்டேங்குது. நாளைக்கும் திங்கலைன்னா மூக்குல குழாய் விடுவேன்னு டாக்டரம்மா சொல்லிருச்சு."

போனேன். புருஷன் கட்டிலில் தூங்கவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் லுங்கியைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார். வதனி பாயில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து உட்கார்ந்து முடியைக் கையால் ஒதுக்கினாள், வகுப்பில் செய்வதைப் போல.

படித்ததையெல்லாம் சொன்னேன். சாப்பிடாவிட்டால் உயரம் நின்றுவிடும், எலும்பு பலம் இழக்கும், முடி கொட்டும், இதயம் தடுமாறும். எல்லாம் உண்மை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

"அப்போது சாப்பிடுகிறாயா?"

"இல்ல மிஸ்."

"மேடைக்காகவா? மேடையெல்லாம் வேண்டாம். நான் சாரிடம் சொல்லிவிடுகிறேன்."

"மேடைக்கு இல்ல மிஸ்." கொஞ்ச நேரம் பாயின் கோரையைப் பிய்த்தாள். "தின்னா மறுபடியும் ஆயிரும்ல. ஜெகதீஷ் இப்ப என்னைய வதனின்னுதான் கூப்பிடுறான்."

பாண்டிச்செல்வி அடுப்படியிலிருந்து கத்தினாள். "எவனோ கூப்புடுறதுக்காகச் சாகப் போறியாடி? டீச்சர் இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்து சொல்றாக, அவுக பேச்சையாச்சும் கேளு!"

"மிஸ் மட்டும் சாப்டுறாங்களாக்கும்?"

"என்னடி?"

"அவங்க சாப்டவே மாட்டாங்கம்மா. எனக்குத் தெரியும். மத்தியானம் ஸ்டாப் ரூம்ல டப்பாவத் தெறந்து வெச்சுக்கிட்டு ஸ்பூனால கிண்டுவாங்க. எல்லாரும் போனதும் அப்பிடியே காக்காய்க்குக் கொட்டுவாங்க. நான் சன்னல் வழியா தெனமும் பாப்பேன்." குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னாள், தன் வாத்தியாரின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்வதைப் போல. "அதான் மிஸ் இவ்வளோ அழகா இருக்காங்க."

பாண்டிச்செல்வி கரண்டியோடு வந்து நின்று என்னைப் பார்த்தாள். என் தோள்பட்டையை, மணிக்கட்டை, டெய்லர் இரண்டாவது முறை பிடித்துக்கொடுத்த சுடிதாரை. ஒரு மாதத்துக்கு முன் நான் அவளைப் பார்த்த மாதிரியே, மேலிருந்து கீழ்வரை. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

அவள் உள்ளே போனாள். இரண்டு தட்டு கொண்டுவந்தாள். சோறு, கறிக்குழம்பு, அவித்த முட்டை. ஒன்றை வதனி முன்னால் வைத்தாள். மற்றொன்றை என் முன்னால் வைத்தாள். தண்ணீர் மொண்டு வந்து என் கையைத் தானே கழுவிவிட்டாள், சின்னப் பிள்ளைக்குக் கழுவுவதைப் போல.

"எனக்கு இப்போது..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாதீக." குரலை உயர்த்தவில்லை. "எம் புள்ள என் பேச்சைக் கேக்காது. நான் படிக்காதவ. அவுக அப்பன் பேச்சையும் கேக்காது. டாக்டரம்மா சொல்லியும் கேக்கல. அவளுக்கு நீங்கதான். நீங்க என்ன செய்யிறீகளோ அதைத்தான் செய்யிறா."

சோற்றில் ஆவி பறந்தது. முட்டையை இரண்டாக அரிந்து வைத்திருந்தாள். எத்தனை கலோரி என்று மனம் தானாகக் கூட்டியது. நான் கூட்டச் சொல்லவில்லை.

வதனி தன் தட்டைப் பார்க்கவில்லை. என் தட்டையும் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு வாய், டீச்சர்" என்றாள் பாண்டிச்செல்வி. "அவ பாத்துக்கிட்டிருக்கா. சாப்புடுங்க."